கந்தகத்துக்கு ஈடுகொடுக்கும் பிளாட்டினம்

டீசலில் அரோமேட்டிக் சேர்மங்கள் மிகுந்தால் அது எளிதில் பற்றிக்கொள்வதைக் காட்டும் சீட்டேன் எண் இறங்கும், புகையில் கரித்துகள் கூடும். இவற்றின் பென்சீன் வளையங்களில் ஹைட்ரஜனை ஏற்றிவிட்டால் இரண்டு தொல்லையும் தணியும். இந்த வேலையில் பிளாட்டினம் கெட்டிக்காரன். ஆனால் கந்தகம் பட்டால் படுத்துவிடும்.

பிளாட்டினப் பரப்பில் ஒட்டும் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. பக்கத்தில் வந்து அமரும் வளையம் அந்த அணுக்களை எடுத்துக்கொள்கிறது. எண்ணெயிலுள்ள கந்தகச் சேர்மங்களும், அவற்றிலிருந்து உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடும் அதே இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. கந்தகத்தின் எலக்ட்ரான் இணை உலோகத்தோடு இறுகப் பிணைவதால் அவை எளிதில் இடத்தைக் காலிசெய்வதில்லை.

கந்தகத்துக்கு அஞ்சாத வினையூக்கிகளும் உண்டு. கோபால்ட்டோ நிக்கலோ சேர்த்த மாலிப்டினம் சல்பைடு அவற்றில் ஒன்று. அது நன்றாக வேலை செய்ய 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஹைட்ரஜனேற்றமோ வெப்பம் உமிழும் வினை. சூடு மிஞ்சினால், ஏற்றிய ஹைட்ரஜனே மறுபடி கழன்றுவிடும். குறைந்த சூட்டிலேயே இயங்கும் பிளாட்டினத்தைக் கைவிட மனம் வராததன் காரணம் இதுதான்.

இங்கேதான் ஜியோலைட் இரண்டு வழிகளில் உதவிக்கு வருகிறது. அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து கட்டிய துளை நிறைந்த படிகம் அது. துணி துவைக்கும் தூளில் கலப்பதும் இதில் ஒரு வகைதான்.

முதல் வழி, கந்தகத்தின் பிடியைத் தளர்த்துவது. அமிலத்தன்மை கொண்ட ஒய் வகை ஜியோலைட்டில் அமரும் பிளாட்டினத் துகளில் எலக்ட்ரான் சற்றுக் குறைகிறது. கந்தகத்தோடு அதன் பிணைப்பும் வலுவிழக்கிறது. பல்லேடியத்தையும் கலந்தால் தாங்கும் திறன் இன்னும் கூடும். அமிலம் அளவு மீறினால் எண்ணெய் மூலக்கூறுகள் உடைந்து, வினையூக்கியின் மேல் கரி படியும்.

இரண்டாவது வழி, வாசலைக் குறுக்குவது. ஏ வகை ஜியோலைட் படிகமாகும்போதே பிளாட்டினத்தை உள்ளே அடைத்து, பிறகு சோடியம் அயனிகளுக்குப் பதில் பொட்டாசியத்தை ஏற்றுகிறார்கள். வாசல் சுமார் 0.3 நானோமீட்டராகச் சுருங்குகிறது. 0.29 நானோமீட்டர் ஹைட்ரஜன் நுழைந்துவிடும். 0.36 நானோமீட்டர் ஹைட்ரஜன் சல்பைடு வெளியே நின்றுவிடும்.

பென்சீன் வளையமும் உள்ளே போக முடியாதே! உள்ளே பிரிந்த ஹைட்ரஜன் அணுக்கள் பரப்பு வழியாக வெளியே பரவி வர வேண்டும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுன்ஷான் சோங் 1999-இல் இதற்கு ஒரு யோசனை சொன்னார். சிறுதுளைகளிலும் பெருந்துளைகளிலும் உலோகத்தை வைத்தால், வளையங்களுக்கான வினை பெருந்துளையில் நடக்கும். அங்கே கந்தகம் பிடித்த உலோகத்தை, சிறுதுளையிலிருந்து பரவிவரும் ஹைட்ரஜன் மீட்டெடுக்கும். அணுக்கள் அப்படி எவ்வளவு தூரம் பரவும் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது.

இந்த வழிகள் பிளாட்டினத்தின் ஆயுளைக் கூட்டுமே தவிர, கந்தகத்திடமிருந்து முழு விடுதலை தருவதில்லை. அதனால்தான் சுத்திகரிப்பு ஆலைகள் முதல் கட்டத்தில் சல்பைடு வினையூக்கியால் கந்தகத்தைக் குறைத்துவிட்டு, இரண்டாம் கட்டத்தில்தான் பிளாட்டினத்தை இறக்குகின்றன.