தடுப்பூசியை ஏமாற்றும் ஹெபடைடிஸ் பி... பயப்பட வேண்டுமா?

தெற்கு இத்தாலியில் ஒரு குழந்தை. தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்ததால், குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். உடலில் ஆன்டிபாடியும் உருவானது. ஆனாலும் ரத்தத்தில் வைரஸ் இருந்தது!

1990-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இதற்கான காரணம் வெளியானது. வைரஸின் மேலுறைப் புரதத்தில் 145-வது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும். இந்தக் குழந்தையிடம் இருந்த வைரஸில் அங்கே ஆர்ஜினின் இருந்தது. மாறியது ஒரே ஒரு அமினோ அமிலம்தான். ஆனால், ஆன்டிபாடிகள் வைரஸை அடையாளம் காண்பது அந்தப் பகுதியை வைத்துத்தான். ஆளைத் தெரியாமல் விட்டுவிட்டன.

இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழை திருத்திக்கொள்வதில்லை. அதனால் உருமாற்றம் சகஜம். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் சுமார் 90% பேருக்கு அது நாள்பட்ட தொற்றாகிவிடும். வைரஸுக்கு மாறிக்கொள்ள வருடக்கணக்கில் நேரம் கிடைக்கிறது.

'அப்படியானால் தடுப்பூசி போட்டு என்ன பயன்?' என்று கேட்பவர்கள் தைவானைப் பார்க்கலாம். தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு 1984-லும், எல்லாக் குழந்தைகளுக்கும் 1986-லும் அங்கே தடுப்பூசி தொடங்கியது. தைபே நகரில் தொற்றுள்ள குழந்தைகளைப் பரிசோதித்தபோது, உருமாறிய வைரஸ் இருந்தவர்கள் 1984-ல் 7.8%. 1999-ல் 23.1%. மூன்று மடங்கு! சதவிகிதம் இப்படித்தான் சில நேரம் ஆளைப் பதறவைக்கும்.

தலைக்கணக்காகப் பாருங்கள். 1984-ல் தைபே குழந்தைகளில் 9.8% பேருக்குத் தொற்று இருந்தது. அதாவது, பத்தாயிரம் பேரில் 980. அவர்களில் உருமாறிய வைரஸ் சுமார் 76 பேரிடம். 1999-ல் தொற்றே 0.7%தான். பத்தாயிரத்துக்கு 70 பேர். அதில் உருமாறியது சுமார் 16 பேரிடம். பழைய வைரஸ் பெருமளவு ஒழிந்ததால், மிச்சமிருந்த கூட்டத்தில் உருமாறியதன் பங்கு பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தைவான் சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோயும் 1990-களில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நம் ஊரிலும் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். தாய்க்குத் தொற்று இருந்தால், பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மறைக்க இதில் ஒன்றுமில்லை. எல்லாத் தவணைகளும் முடிந்து, குழந்தைக்கு 9 முதல் 12 மாதம் ஆகும்போது ரத்தப் பரிசோதனை அவசியம். அப்போது ஆன்டிபாடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், வைரஸின் மேலுறைப் புரதம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இத்தாலியக் குழந்தைக்கும் ஆன்டிபாடி இருக்கத்தான் செய்தது.