ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் உண்டு

மேல்நிலை வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலச் சொற்களை நீண்ட பட்டியலாக எழுதிவைத்து மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்த சில நாட்களிலேயே அவற்றுள் பெரும்பகுதி மறந்துபோகிறது. பிறகு, “எனக்கு இங்கிலீஷ் வராது” என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கின்றனர். அத்தீர்ப்பால் விரும்பிய மேற்படிப்பையே கைவிடுவோரும் உண்டு.

அரபியில் காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்துகளும் ‘எழுதுதல்’ என்ற பொருளைத் தாங்கி நிற்பதை மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகள் அறிவர். கிதாப், காத்திப், மக்தப், மக்தூப் யாவும் அவ்வேரில் கிளைத்தவையே. ஸர்ஃபு பாடம் படித்தவர் இவற்றைத் தனித்தனியே மனனம் செய்வதில்லை. இதே வழி ஆங்கிலத்துக்கும் பெரிதும் உதவும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்போர்தாம் குறைவு.

ஆங்கிலச் சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை லத்தீன் வழிவந்தவை. சில நேரடியாக வந்தன. பல, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழியின் வாயிலாக வந்தன.

அதே ‘எழுதுதல்’ என்ற பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் அது ‘ஸ்க்ரீபெரே’. ஆங்கிலத்தில் ‘ஸ்கிரைப்’, ‘ஸ்கிரிப்ட்’ என உருமாறி நிற்கிறது. ‘மானு’ என்பது கை; கையால் எழுதியது மானுஸ்கிரிப்ட். ‘பிரி’ என்பது முன். மருந்து தரப்படுமுன் மருத்துவர் எழுதுவது பிரிஸ்கிரிப்ஷன். ‘போஸ்ட்’ என்பது பின்; கடிதம் முடிந்தபின் சேர்ப்பது போஸ்ட்ஸ்கிரிப்ட். ‘சப்’ என்பது கீழ். பணம் தர ஒப்பிக் கீழே பெயரெழுதியதே சப்ஸ்கிரிப்ஷன். சந்தாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இவ்வாறு பிறந்ததுதான்!

எழுத்து மாற்றம் கண்டும் மிரள வேண்டாம். ‘இன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டு, அடுத்துவரும் ஒலிக்கு இணங்கி இம்பாஸிபிள், இல்லீகல், இர்ரெகுலர் என மாறுகிறது. ‘அல் ஷம்ஸ்’ என்பதை ‘அஷ்ஷம்ஸ்’ என்று ஓதும் நாவுக்கு இது புதிதன்று.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒன்றுபோல் தோன்றுவன எல்லாம் ஒரே வேரின் பிள்ளைகள் அல்ல. எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் ஆகியவற்றிலுள்ள ‘போர்ட்’ சுமத்தலைக் குறிக்கும். ரயில் நிலையச் சுமைதூக்கியைப் போர்ட்டர் என்பதும் அதனால்தான். ஏர்போர்ட்டில் உள்ள ‘போர்ட்’டோ துறைமுகம் என்னும் வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இம்போர்ட்டின் ‘இம்’ எதிர்மறையும் அன்று. ‘உள்ளே’ என்று பொருள்படுவது. ஆகவே வேரைக்கொண்டு பொருளை ஊகிக்கலாம். அகராதியைப் பார்க்காமல் உறுதிசெய்தல் ஆகாது. வாட்டர், மதர் முதலிய அன்றாடச் சொற்களோ ஆங்கிலத்தின் பழஞ்சொற்கள். அவற்றில் லத்தீனைத் தேடிப் பயனில்லை.

பெற்றோர் செய்யவேண்டியது எளிது. பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு வேர், அதற்கு ஒரு பக்கம். பாடநூலிலும் நாளிதழிலும் தென்படும் சொற்களை அப்பக்கத்தில் சேர்த்து வரட்டும். பெரிய அகராதிகள் சொல்லின் பிறப்பையும் தருகின்றன. அவ்வரியைத் தாண்டிச் செல்லாமல் படிக்கப் பழக்குங்கள். ‘அல்ஜீப்ரா’ என்ற சொல்லை அவ்வாறு தேடினால், லத்தீனுக்கும் அப்பால் ‘அல் ஜப்ர்’ என்ற அரபிச் சொல் அங்கே காத்திருக்கும்.