திருவிழாவுக்கு பஸ் பேசும் முன் பேஸ்புக் விளம்பரத்தைச் சோதித்துப் பாருங்கள்

ஆனி மாதம் என்றால் தீவகத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா. 16 நாள் நடக்கும் இத்திருவிழாவுக்கு நமது தோட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து பஸ் பேசிப் போவதுண்டு. முன்பெல்லாம் கோயில் சுவரிலும் கடை வாசலிலும் நோட்டீஸ் ஒட்டினால் போதும். இப்போது பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போடுகிறார்கள். போடட்டும், தப்பில்லை. ஆனால் முற்பணம் கட்டிய பிறகு 50 சீட்டில் 20 சீட் காலியாகக் கிடந்தால், அந்த வாடகை மிச்ச 30 பேரின் தலையில்தான் விழும். கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது. ஆகவே பஸ் பேசுவதற்கு முன்பே விளம்பரத்தைச் சிறு தொகையில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இது ஒன்றும் புதிய விஷயம் அல்ல. அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பரக்காரர் 1923-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார். பத்திரிகை விளம்பரத்தில் வெட்டி அனுப்பும் கூப்பன் ஒன்றை வைத்து, ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனுக்கும் வேறு வேறு அடையாளம் போடுவார்கள். எந்தக் கூப்பன் அதிகம் திரும்பி வருகிறதோ, அந்த விளம்பரம்தான் வேலை செய்கிறது.

நாமும் அப்படியே செய்யலாம். திருவிழாவுக்கு ஆறு வாரம் முன்னதாக இரண்டு விளம்பரம் தயாரியுங்கள். ஒன்றில் கோபுரத்தின் படம், மற்றதில் கடலில் போகும் படகின் படம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தும் கட்டணமும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். படத்தையும் மாற்றி, கட்டணத்தையும் மாற்றினால் எதனால் ஆள் கூடியது என்று தெரியாமல் போய்விடும். தொலைபேசி இலக்கம் மட்டும் வேறாக இருக்கட்டும். அதுதான் நமது கூப்பன் அடையாளம்.

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓட விட்டால், பேஸ்புக் தானாகவே ஒன்றுக்குக் காசை அள்ளிக் கொடுத்துவிடும். 'ஏ/பி டெஸ்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு விளம்பரத்தை மட்டும் காட்டும். ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய்ப்படி நான்கு நாள் விட்டால் மொத்தம் 4,000 ரூபாய். இடையில் கை வைக்காதீர்கள். முடிவுத் திகதி போட மறந்தால் கார்டிலிருந்து காசு போய்க்கொண்டே இருக்கும், கவனம்.

பிறகு லைக்கை எண்ணிச் சந்தோஷப்படுவதில் பிரயோசனமில்லை. அம்மன் கோயில் படத்தைக் கண்டால் யார்தான் லைக் போடமாட்டார்கள்? எத்தனை பேர் போன் பண்ணினார்கள், எத்தனை பேர் சீட்டுக்குக் காசு கட்டினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒன்றுக்கு 5 பேர், மற்றதற்கு 6 பேர் என்றால் அது வித்தியாசமே இல்லை. 3 பேரும் 15 பேரும் என்றால் யோசிக்கலாம்.

பஸ் குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று ரோடு இருக்கிறது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகுதான். 'படகுக் காசும் சேர்த்தா?' என்பது எந்த வீட்டிலும் முதலில் கேட்கக்கூடிய கேள்வி. எனவே அடுத்த சோதனையாக, படகுக் காசு சேர்த்த ஒரே தொகையை ஒன்றிலும், தனித்தனியாகப் பிரித்த தொகையை மற்றதிலும் போட்டுப் பாருங்கள். படத்தைவிட இதுவே முக்கியம் என்பது என் எண்ணம்.

கோயில் பயணம் என்பதால் இன்னொன்று. மதத்தைக் குறிவைத்து ஆள் தெரிவு செய்யும் வசதிகளை பேஸ்புக்கின் மெட்டா நிறுவனம் 2022 ஜனவரியில் நீக்கிவிட்டது. 'இந்துவாகிய நீங்கள்' என்ற மாதிரி பார்ப்பவரின் மதத்தைச் சுட்டி எழுதினாலும் விளம்பரத்தை நிராகரிக்கலாம். பஸ் புறப்படும் ஊரையும், அதைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்பதையும் தெரிவு செய்தால் போதும். 'நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு பஸ்' என்று தாராளமாக எழுதலாம்.

பிரட்டுக் களத்து நோட்டீஸையும் விட்டுவிடாதீர்கள். எல்லா லயத்திலும் டேட்டா இருக்காது. அதோடு 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் இலங்கையில் பேஸ்புக்கையே தடை செய்தார்கள். நோட்டீஸில் மூன்றாவது இலக்கம் ஒன்றைப் போட்டால் அதன் கணக்கும் கொப்பியில் தனியாக வந்துவிடும்.