ஆழமில்லாக் கடலின் அரசர்கள்

பழவேற்காட்டில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் படகு கடலுக்குப் போக முடியாது. அந்த வாய் திறந்திருந்தால்தான் மீனவருக்குப் பிழைப்பு. இதே கணக்கைப் பல மடங்கு பெரிதாக்கினால் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசியல் விளங்கும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கிடக்கும் சேதுவின் மணல்திட்டுகளுக்கு மேலே சில இடங்களில் தண்ணீர் ஒரு மீட்டர்தான். பாரம் ஏற்றிய பெரிய கப்பல் அங்கே நுழைய முடியாது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், இல்லையேல் சரக்கைத் தோணிகளுக்கு மாற்றவேண்டும். ஆகவே துறைகளும் தோணிகளும் யார் கையிலோ, அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவின் முத்துச்சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, வேறு.

ஆரியச்சக்கரவர்த்திகள் முதலில் வரலாற்றில் தெரிவது அரசராக அல்ல, பாண்டியனின் ஆளாக. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குலசேகர பாண்டியன் அனுப்பிய படையோடு போன ஆரியச்சக்கரவர்த்தி ஒருவர், சிங்களத் தலைநகர் யாப்பகூவாவிலிருந்து புத்தரின் புனிதப் பல்லைக் கவர்ந்து வந்ததாக இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அதை மீட்கச் சிங்கள அரசர் மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியனிடம் நேரில் வந்து நிற்க நேர்ந்தது. பிறகு 1311இல் டில்லித் தளபதி மாலிக் கபூர் மதுரைக்குப் படையெடுத்தார். 1323இல் டில்லிப் படை மறுபடி வந்தது. மேலே இருந்த பாண்டியன் சரிந்தான். சேதுவின் கடல்வழி இருந்த இடத்திலேயே இருந்தது. அதைக் காத்தவர்கள் தனியரசர் ஆனார்கள்.

11ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளை ஆண்ட தோர்ஃபின் பிரபுவின் நிலையும் இதற்கு நெருக்கமானது. தாய்வழியில் அவர் ஸ்காட்லாந்து அரசனின் பேரன். தீவுகளின் மீதோ நார்வே மன்னருக்கு உரிமை. இரு பெரிய அரசுகளுக்கு நடுவே அவரை நிலைநிறுத்தியது கப்பல்கள்தான்.

1344இல் மொராக்கோப் பயணி இபின் பதூதாவின் கப்பல் திசைமாறி இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுங்கியது. அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி புரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மாணிக்கக் கல்லில் குடைந்த கிண்ணம், அதில் அகில் எண்ணெய்: அரசரிடம் இதைக் கண்டதாக இபின் பதூதா எழுதியிருக்கிறார். அந்த அரசருடைய நூறு கப்பல்களைத் தமிழகக் கரையிலும் பார்த்தாராம். அந்த எண்ணிக்கையைவிடப் பாரசீகம்தான் எனக்கு வியப்பு. வணிகரோடு அன்றாடம் பழகாத அரசருக்கு அது எப்படி வரும்?

அவர்களுடைய காசில் நந்தி படுத்திருக்கும். அதன் கீழே ‘சேது’ என்று தமிழில் பொறித்திருக்கும். தங்கள் செல்வத்தின் ஊற்று எது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

போர்ச்சுக்கீசியரும் அறிந்திருந்தார்கள். 1560இல் யாழ்ப்பாண அரசின் தலைநகர் நல்லூரைத் தாக்கியும் அவர்களால் அங்கே நிலைக்க முடியவில்லை. மன்னார்த் தீவை மட்டும் பிடித்துக் கோட்டை கட்டிக்கொண்டார்கள். முத்துச்சலாபத்தின் வாசல் அது. யாழ்ப்பாண அரசு அதன்பின் 1619 வரைதான் நின்றது.