பெயரறியா அத்தி

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் பின்னிரவில், கஜா என்னும் பெரும்புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிற்று. கடற்கரை ஊர்களைச் சிதைத்ததோடு அமையாமல் அது உள்நாட்டிலும் புகுந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னையும் பலாவும் மாவும் வேரோடு வீழ்ந்தன. தோப்புடையார் தென்னையை எண்ணிக் கண்ணீர் உகுத்தனர். அவர்தம் வாழ்வே அதுவன்றோ! ஆயின், எக்கணக்கிலும் ஏறாத மரங்களும் அவ்விரவில் வீழ்ந்தன. கொல்லைப்புறத்தில் தனித்து நின்ற மரம்; நட்டவர் மறைந்தார், அதன் வரலாறு அறிந்தவரும் மறைந்தார்; ‘அத்தி’ என்னும் ஒரு சொல்லே எஞ்சியது. தென்னம்பிள்ளையை விலைகொடுத்து வாங்கலாம். பெயர் தெரியாத மரத்தை எவரிடம் சென்று கேட்பது?

அம்மாவட்டத்து வல்லத்திராக்கோட்டையில், ஒரு வீட்டின் கிணற்றடியில் அத்தகைய மரம் ஒன்று நிற்கின்றது எனக் கொள்க. மரம் மூத்துவிட்டது, ஒருபுறம் பட்டும் போயிற்று. எஞ்சிய கிளைகளில் மட்டும் தளிரும் காயும் உள்ளன. பழமோ மிக இனியது. அதனைக் காக்க விரும்புவார்க்கு இரண்டு வினாக்கள் எழும். இஃது எந்த அத்தி? இதனை மீண்டும் உண்டாக்குவது எங்ஙனம்?

முதல் வினாவிற்கு விடைகாண்பது எளிதன்று. அத்தியின் குடும்பம் அத்துணைப் பெரிது. ஆலும் அரசும் இத்தியும் அத்தியின் உறவினவே. உலகெங்கும் எண்ணூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இவ்வகுப்பில் அடங்கும். இவை எல்லாவற்றிற்கும் பொதுவான அடையாளங்கள் சில உண்டு. இலையைக் கிள்ளினால் வெண்பால் கசியும். இலை உதிர்ந்த இடத்தில், கிளையைச் சுற்றி மோதிரம் போன்றதொரு வடு இருக்கும். இளந்தளிரை மூடியிருந்த உறை கழன்ற தழும்பு அது. இவற்றினும் சிறந்த அடையாளம் பூ வெளியே தோன்றாமை. அத்திக்குப் பூ இல்லை என்பது பிழை. நாம் காய் எனக் காண்பது, நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்களைத் தன் அகத்தே வைத்து மூடிய ஒரு சிமிழ். அருமையாக நிகழும் ஒன்றை ‘அத்தி பூத்தாற்போல’ என்கின்றோம். அத்தி ஆண்டுதோறும் பூக்கத்தான் செய்கிறது, காண்பார்தாம் இல்லை.

இனி, உறவினரைப் பிரித்தறியும் வகையைக் காண்போம். நாட்டத்தியின் காய்கள் அடிமரத்திலும் முதிர்ந்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாய் ஒட்டித் தொங்கும், பழுத்தால் சிவக்கும். இதன் பழம்பெயர் அதவம் என்பது. குறுந்தொகைப் புலவர் ஒருவர் இதனை ஆற்றங்கரையில் நிறுத்தி, கிளையின் வெண்ணிறத்தையும் குறித்துச் சென்றார். மரநூல் கற்பார் இன்று ஏட்டில் எழுதும் இரண்டு குறிப்புகள் இவை: வளரிடம், பட்டையின் நிறம். பேயத்தியின் இலைகள் சொரசொரப்பானவை; பெரும்பாலும் எதிரெதிராக அமைந்தவை. மற்ற உறவினங்களில் இலைகள் மாறிமாறி அமைதலே இயல்பாதலின், இவ்வொன்றே பேயத்தியைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆலும் அரசும் இலைக்கக்கத்தில் இணையிணையாய்ச் சிறு காய் ஈனும். இலை மூன்று அல்லது ஐந்து மடலாய்க் கைவிரல்போல் பிளந்து, தொட்டால் சொரசொரத்து, காய் பேரிக்காய் வடிவில் இலைக்கக்கத்தில் தனித்து நிற்குமாயின் அது சீமையத்தி. மேலையாசியாவும் மத்தியதரைக் கடற்கரையும் அதன் தாயகம். கிணற்றடி மரத்தின் இலை இவ்வாறே பிளந்திருப்பதாகக் கொள்க. அங்ஙனமாயின் இனம் தெரிந்தது.

ஆயினும் சாதி தெரியவில்லை. மாம்பழத்தில் பங்கனப்பள்ளியும் நீலமும் வேறாதல்போலச் சீமையத்தியிலும் நூற்றுக்கணக்கான சாதிகள் உள. பழத்தின் கழுத்து நீண்டதா குறுகியதா, தோல் ஊதாவா பசுமையா, அடியில் உள்ள சிறு கண் திறந்ததா மூடியதா, உள்ளே சதை வெளிறியதா சிவந்ததா, ஆண்டிற்கு எத்தனை காய்ப்பு என இவற்றையெல்லாம் நோக்கிக் குறித்தல் வேண்டும். ஓர் இலையைக்கொண்டு சாதியை உரைப்பார் தவறுவர். ஒரே மரத்தில் பல வடிவ இலைகள் உண்டாகும். போதாக்குறைக்கு, ஒரு சாதிக்கு நாட்டுக்கொரு பெயரும், ஒரு பெயருக்குப் பல சாதியும் வழங்குகின்றன. இக்காலத்தில் மரபணுவை ஒப்பிட்டுத் துணியும் முறையும் உண்டு. ஒப்பிடுதற்கு அறிந்த சாதியொன்று எதிரே இருந்தாலன்றி அதனாலும் பயன் இல்லை.

சாதியின் இயல்பை அறியாமையால் விளைந்த இடர் ஒன்று அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியா வேளாளர், துருக்கியிலுள்ள ஸ்மிர்னாவிலிருந்து புகழ்பெற்ற அத்தியின் கிளைத்துண்டுகளை ஆயிரக்கணக்கில் வருவித்து நட்டனர். மரங்கள் செழித்தன, காய்களும் தோன்றின, பழுக்குமுன் அனைத்தும் உதிர்ந்தன. துருக்கியர் பயனற்ற சாதியைத் தந்து ஏமாற்றினர் என்று பலர் ஐயுற்றனர். ஸ்மிர்னா உழவர் காட்டத்திக் காய்களைக் கோத்துத் தம் மரங்களில் தொங்கவிடுவது வழக்கம். அதனை மூடப்பழக்கம் என்று இகழ்ந்தாரும் உளர். உண்மையோ வேறு. காட்டத்தியினுள் வாழும் மிகச் சிறிய குளவியொன்று மகரந்தத்தைச் சுமந்து, நல்லத்தியின் கண்வழியே நுழைந்தால்தான் அச்சாதி பழுக்கும். கிரேக்க அறிஞர் தியோபிராஸ்தஸ் கிறித்துவுக்கு முன்னரே இவ்வழக்கத்தைக் குறித்திருக்கின்றார்! 1899இல் பிரெஸ்னோவை அடுத்த தோட்டமொன்றில் அக்குளவியைக் கொணர்ந்து குடியேற்றிய பின்னரே மரங்கள் பழம் தந்தன. வந்த சாதி சரியானதே. அதன் தேவையைத்தான் அவர்கள் அறிந்திலர்.

நம் நாட்டத்திக்கும் அதற்கே உரிய குளவி உண்டு. அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்னும் பழமொழி குறிப்பது இக்குளவிக் கூட்டத்தையே. பழிக்கப்பட்ட அப்புழு இல்லையேல் அத்தியின் விதை முளையாது. சீமையத்தியின் பல சாதிகளோ குளவியை வேண்டாமலே பழுக்கும். புனேயை அடுத்த புரந்தர் வட்டாரத்தில் பெரிதும் பயிராகி, 2016இல் புவிசார் குறியீடு பெற்ற அத்தியும் அத்தகையதே. கிணற்றடி மரமும் காட்டத்தித் துணையின்றி இங்கே பழுப்பதால், அதுவும் அவ்வகையினது என்று துணியலாம். அதற்குமேல் பெயர் கிட்டவில்லையெனினும் கவலையில்லை. பெயரைப் பின்னர்த் தேடலாம். மரம் பட்டுப்போனால் பின்னர்த் தேடுவதற்கு ஒன்றும் இராது.

விதை இங்கே உதவாது. விதையினின்று எழுவது தாயை ஒக்கும் என்பதற்கு உறுதியில்லை. கிளைத்துண்டினின்று எழுவதோ தாயே. நாட்டுப்புறத்தார் அதனைப் போத்து என்பர். யோர்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 11,400 ஆண்டுகட்கு முற்பட்ட அத்திப்பழங்கள் சில கரிந்த நிலையில் கிடைத்தன. விதை முளைக்காத அச்சாதியை மாந்தர் போத்து நட்டே வளர்த்திருத்தல் வேண்டும் என ஆய்வாளர் சிலர் 2006இல் எழுதினர்; அதனை மறுத்தாரும் உளர்.

போத்து வெட்டுதற்குத் தை, மாசித் திங்கள்கள் ஏற்றவை. இலையுதிர்ந்து மரம் ஓய்ந்திருக்கும் காலம் அது. சென்ற ஆண்டு வளர்ந்து முற்றிய, விரற்பருமனுள்ள கிளையைத் தேர்ந்து, ஒரு சாண் நீளத்தில் மூன்று நான்கு கணுக்கள் அமைய நறுக்குக. அடிவெட்டு கணுவிற்குச் சற்றுக் கீழே நேராகவும், தலைவெட்டு கணுவிற்கு ஓரங்குலம் மேலே சாய்வாகவும் இருக்கட்டும். சாய்வு எதற்கு? இலையற்ற துண்டில் தலையும் காலும் மயங்கும். தலைகீழாய் நட்டுவிட்டு வேரில்லை என்று வருந்துவார் பலர். கசியும் பால் உலர்ந்தபின், மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த பையில் இரண்டு கணுக்கள் மண்ணுள் மறைய ஊன்றி, நிழலில் வைத்தல் வேண்டும். மண் ஈரமாக இருக்கலாம், சேறாகலாகாது. நீர் குறைந்து கெடும் போத்தினும் நீர் மிகுந்து அழுகும் போத்தே மிகுதி.

இரண்டு மூன்று வாரங்களில் இலை விரியும். அதுகண்டு மகிழ்ந்து வெயிலில் வைப்பது பெரும்பிழை. கட்டையில் சேமித்த உணவைக்கொண்டே அவ்விலை விரிந்தது. வேர் இன்னும் ஓடியிராது. வேர் பிடித்ததா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்ப்பவர் கையில் எந்தப் போத்தும் பிழைப்பதில்லை. ஐந்தாறு வாரம் பொறுத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் நட்டு அமையாது பத்துப் பன்னிரண்டு நடுவது அறிவுடைமை. நலிந்த மரத்தில் முற்றிய கிளை கிட்டாவிடின், கிளையிலேயே ஓரங்குலப் பட்டையை வளையமாய் நீக்கி, ஈரத் தேங்காய்நார்த் தூளைப் பொதிந்து கட்டிப் பதியமிடலாம். தாயின் நலமேயன்றித் தேமல் நோயும் போத்தின்வழி வரும். ஆதலின் இலையில் மஞ்சட் புள்ளி படர்ந்த கிளையை விலக்குக.

இம்முறையின் வலிமைக்கு அனுராதபுரத்து அரசே சான்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அசோகன் மகள் சங்கமித்திரை புத்தகயைப் போதிமரத்தின் கிளையை இலங்கைக்குக் கொணர்ந்தாள். தேவானாம்பிய திஸ்ஸன் அதனை நடுவித்தான் என மகாவம்சம் கூறும். புத்தகயையில் நின்ற பழைய அரசு 1876இல் புயலில் சாய்ந்தது. இன்று அங்கு நிற்பது 1881இல் கன்னிங்காம் என்பார் நடுவித்தது. கடல் கடந்த கிளையோ அனுராதபுரத்தில் இன்றும் தளிர்க்கின்றது.

வேரூன்றிய கன்றை ஆடி, ஆவணி மழைக்குப்பின் நிலத்தில் நடலாம். ஒரு கன்றைத் தன் கொல்லையிலும் மற்றவற்றை அயல்வீட்டார் கொல்லையிலும் நட்டால், அடுத்த புயல் எல்லாவற்றையும் ஒருங்கே சாய்த்தல் அரிது. இரண்டு மூன்று ஆண்டுகளில் கன்று காய்க்கும். கழுத்து, தோல், கண், சதை எனத் தாய்மரத்தில் குறித்துவைத்த ஏட்டை அப்பொழுது எடுத்து, பழத்தோடு ஒப்பிட்டு, பெயரைத் தேடத் தொடங்கலாம்.