பாலையும் மறுப்போர்

சைவம் என்னும் சொல்லை நாம் எத்துணை இயல்பாக வழங்கி வருகின்றோம்! மச்சம் சேராத உணவு சைவம். பால், தயிர், நெய் யாவும் அதனுள் அடங்கும். எனவேதான் இந்நாட்டில் வளரும் நம் பிள்ளை ஒன்று, "இனி நான் பாலும் குடியேன், நெய்யும் உண்ணேன்" என்று கூறும்பொழுது பெற்றோர் திகைக்கின்றனர். வெள்ளைக்காரரின் புது நாகரிகம் என்று சினப்போரும் உளர். காரணத்தைக் கேட்டறிந்த பின்னர்ச் சினப்பதே முறை.

இவ்வாழ்வுமுறையை ஆங்கிலத்தில் 'வீகன்' என்பர். தமிழில் 'நனிசைவம்' என்றொரு சொல் வழங்குகின்றது. 'நனி' என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல் என்பதை நம் மேல்வகுப்பு மாணவர் அறிவர். 1944 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்னும் மரவேலை ஆசிரியரும் அவர்தம் நண்பர் சிலரும் ஒரு சங்கம் அமைத்தனர். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் இறுதி இரண்டையும் இணைத்துப் பிறந்ததே அப்பெயர்.

அமெரிக்காவில் இதனைப் பரப்பிய சங்கம் நாம் வாழும் நியூ ஜேர்சியிலேயே தோன்றியது என்பதைப் பலர் அறியார். மாநிலத்தின் தென்பகுதியில் மலாகா என்றொரு சிற்றூர் உண்டு. பம்பாயிலிருந்து 1911 இல் இந்நாட்டுக்கு வந்த பார்சி ஒருவரின் மைந்தர் ஜே டின்ஷா 1933 இல் பிறந்தார். அவர் பிறந்த நாள் முதல் புலால் உண்டறியாதவர். நம்மைப் போலப் பால் அருந்தியவர். 1957 இல் பிலடெல்பியாவில் ஓர் இறைச்சிக் கொட்டிலை நேரிற் கண்டார். புலாலை முன்னரே துறந்திருந்த அவர் அன்று துறக்க எஞ்சியிருந்தது பால் முதலிய பிற விலங்குப் பொருள்களே. 1960 இல் அமெரிக்க வீகன் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நடத்திய இதழின் பெயர் 'அஹிம்சா'. 2000 இல் அவர் மறைந்தார். வெள்ளைக்காரர் நாகரிகம் என்போர் இதழின் பெயரையேனும் நோக்குக.

பாலுக்கும் இறைச்சிக் கொட்டிலுக்கும் என்ன தொடர்பு? பசு, கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது. ஆதலால் இந்நாட்டுப் பாற்பண்ணைகளில் அதனை ஏறக்குறைய ஆண்டுதோறும் செயற்கை முறையில் சினைப்படுத்துவர். கன்றைப் பிறந்த ஓரிரு நாளிலேயே தாயிடமிருந்து பிரிப்பது பொது வழக்கம். ஆண் கன்று பால் தராது. அது இறைச்சிக்கென வளர்க்கப்படும். இருபது ஆண்டு வரை வாழக்கூடிய பசுவும், கறவை குறைந்ததும், பெரும்பாலும் ஐந்தாறு வயதிலேயே கொட்டிலுக்கு அனுப்பப்படும். எங்கள் ஊரில் கன்று குடித்த பின்னரே கறந்தோம் என்று பெருமை பேசுவோம். அது உண்மையே. எனினும் உழவு இயந்திரம் வந்த பின் நாம்பன் கன்றுகள் எங்கே போயின என்று எவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார், பாலை விலக்கவில்லை. ஆயினும் கொல்பவன் வேறொருவன் என்று கூறி வாங்குபவன் தப்ப முடியாது என்பது புலால் மறுத்தலில் அவர் காட்டும் தருக்கங்களுள் ஒன்று. நனிசைவர் அதனையே பாலுக்கும் நீட்டுகின்றனர். தேனையும் அவர் உண்ணார். பட்டையும் உடுத்தார், கூட்டினுள் புழு இருக்கவே அவித்து நூல் எடுப்பதே பெருவழக்கு. (விழா நாளில் இதனை எழுதுவதற்குத் தாய்மார் பொறுத்தருள்க.)

அகதி முகாமில் பால்மாப் பொதி ஒன்றுக்காக வரிசையில் நின்றவன் நான். பாலை வேண்டாமென ஒதுக்கும் பிள்ளையைக் கண்டு முதலில் என் நெஞ்சும் ஒப்பவில்லை. பசியால் இல்லாதிருத்தலும், இருந்தும் வேண்டாமென்றலும் வேறு வேறு. பின்னதைச் செய்யும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கின்றது என்றே இப்பொழுது எண்ணுகின்றேன்.

சுற்றுச்சூழலைக் கருதுவோரும் உளர். மனிதரால் வெளிப்படும் பசுமைக்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பினால் வருவதாக ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் 2013 இல் கணக்கிட்டது. உடல்நலம் கருதி மாறுவோரும் பலர். ஆனால் அங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பி12 என்னும் உயிர்ச்சத்தை மரக்கறி உணவிலிருந்து போதிய அளவு பெற இயலாது. அதனை மாத்திரையாகவோ, அது சேர்க்கப்பட்ட உணவாகவோ கட்டாயம் கொள்ளல் வேண்டும். வளரும் பிள்ளையாயின் வைத்தியரிடம் கேட்காது பாலை நிறுத்தற்க. சுண்ணாம்புச் சத்துக்குக் குரக்கனும் எள்ளும் கைகொடுக்கும்.

சமையலைக் குறித்துத் தாய்மார் கலங்க வேண்டியதில்லை. சொதிக்குத் தேங்காய்ப்பாலே போதும். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பாலைக் கேட்பதில்லை. பாயசத்தையும் பசுப்பாலின்றித் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் இட்டுக் காய்ச்சலாம். நெய்யில் வறுக்கும் கசுக்கொட்டையை மட்டும் தேங்காய் எண்ணெயில் வறுத்துக்கொள்க.