வெள்ளத்தின் காரணம் தேடும் கணினி

பாலாற்றுக்குத் தெற்கிலும் செய்யாற்றுக்கு வடக்கிலும் அமைந்த ஊர் வெம்பாக்கம். ஆரணியைச் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது பட்டு நெசவு. நெசவாளர் கால்களை இறக்கி அமரும் தறிக்குழியில் நீர் ஊறினால் தறி நின்றுவிடும். ஈரக்காற்றில் பாவும் உலராது. ஆகவே, ஆறு பெருகுமா என்பது இங்கு வயிற்றுப்பாட்டோடு இணைந்த வினா. ஏன் பெருகியது என்பது அதனினும் கடினமான வினா.

மழை பெய்தது, வெள்ளம் வந்தது என்று மட்டும் கூறுவது போதிய விடையாகாது. 2021 நவம்பரை எடுத்துக்கொள்வோம். அம்மாதத்தின் முற்பகுதியிலேயே வடதமிழகத்தில் கனமழை பெய்து மண் நன்கு நனைந்திருந்தது. ஏரிகள் பல நிரம்பியிருந்தன. 19ஆம் நாள் அதிகாலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆந்திரத்திலிருந்து வரும் பொன்னையாறும் பெருகிப் பாலாற்றில் கலந்தது. வாலாசாவை அடுத்த பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மிகுதியான நீர் பாய்ந்தது. ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணலாகவே கிடக்கும் ஆறு அது! இவ்வெள்ளத்தில் அன்றைய மழையின் பங்கு எவ்வளவு? இரு வாரங்களுக்கு முன் பெய்த மழையின் பங்கு எவ்வளவு?

இவ்வாறு பங்கு பிரிப்பதற்கு இயந்திரக் கற்றல் துணைசெய்கிறது. மண் எவ்வளவு உறிஞ்சும், சரிவில் எவ்வளவு ஓடும் என்பவற்றை மனிதரே சமன்பாடுகளாக எழுதிக் கணினிக்குக் கொடுப்பது பழைய முறை. புதிய முறையில், மழை, வெப்பநிலை, ஆற்றின் நீரோட்டம் ஆகியவற்றின் பல்லாண்டுப் பதிவுகளைக் கொடுத்தால், அவற்றிற்கு இடையிலான தொடர்பைக் கணினி தானே கற்றுக்கொள்கிறது. இதற்கு ஏற்ற வலையமைப்பு ஒன்றை ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் 1997இல் வெளியிட்டனர். 'நீண்ட குறுங்கால நினைவு' என்னும் அதன் பெயர் முரணாகத் தோன்றினாலும், செயல் நம் ஏரியின் செயலை ஒத்ததே. வருவதில் எதைத் தேக்குவது, தேங்கியதில் எதைக் கழிப்பது, எதை வெளியே விடுவது என முடிவுசெய்யும் வாயில்கள், மதகுகளைப் போல, அதில் உண்டு. அதனால் பல வாரங்களுக்கு முன் பெய்த மழையும் கணக்கில் நிற்கிறது.

கணித்துச் சொல்வது ஒன்று. காரணம் கூறுவது மற்றொன்று. கற்று முடித்த கணினியை ஆய்வாளர்கள் மீண்டும் வினவுகின்றனர். எல்லா நாள்களின் மழையையும் முதலில் சுழியாகக் கொள்கின்றனர். பின்னர் உண்மை அளவுவரை சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு நாள் மழையும் உச்ச நீரோட்டத்தை எவ்வளவு உயர்த்தியது என அளக்கின்றனர். ஐரோப்பாவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆற்றுப்படுகைகளை இம்முறையில் ஆராய்ந்தவர்கள், 2022இல் வெளியிட்ட கட்டுரையில், அண்மை மழை, முன்பே பெய்து மண்ணில் ஊறிய மழை, பனியுருகல் என மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டினர். பாலாற்றில் பனிக்கு இடமில்லை. ஆனால், ஐரோப்பியக் கணக்கில் வராத ஒன்று இங்கு உண்டு: சங்கிலியாகத் தொடரும் ஏரிகள்.

1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியைச் சீரழித்தது. மேலே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்தமையும் அதற்குக் காரணமாயிற்று. மழைப்பதிவை மட்டும் கற்ற கணினியிடம் அத்தகைய நிகழ்வைக் கொடுத்தால், உடைந்த ஏரியின் பழியையும் அது மழையின் தலையிலேயே சுமத்தும். கணினி காட்டும் தொடர்பு மெய்யான காரணந்தானா எனத் தீர்மானிக்க, ஆற்றின் போக்கை அறிந்தவர்களின் துணை இன்றியமையாதது. வெம்பாக்கம் வட்டாரத்து ஏரி ஒவ்வொன்றிலும் எந்நாளில் நீர்மட்டம் எவ்வளவு நின்றது, மதகு எப்போது திறக்கப்பட்டது, கலிங்கு எப்போது வழிந்தது என்னும் குறிப்புகளை ஏரிக்கரையில் இருப்பவர்களே எழுதித் தர இயலும்.